மாணவர் தலைவரால் பள்ளிக்கு ஆசிரியரைக் கொண்டுவர முடியுமா?

கேள்வி இதுதான். வட மாவட்டம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்து, இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா மகள் அதே பள்ளியில் பிளஸ் 2 படிக்கிறாள். ஜூன் மாதம் முதல் இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை. இதற்கிடையில் பள்ளியில் தேர்தல் நடத்தி அவளை மாணவர் தலைவியாகத் தேர்ந்தெடுத்து, பட்டை அணிவித்து, உறுதிமொழியும் எடுக்க வைத்தார்கள். "இந்தத் தலைமைப் பதவிக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? அவள் முயன்றால் ஆசிரியர் வருவாரா? அரசு ஏன் ஆளைப் போடுவதில்லை?" என்று கேட்கிறார்.

நிரந்தர ஆசிரியரை அவளால் கொண்டுவர முடியாது. மாணவியை விடுங்கள், தலைமையாசிரியருக்கே அந்த அதிகாரம் இல்லை. இங்கிலாந்தில் ஒவ்வொரு பள்ளியும் தனக்கான ஆசிரியரைத் தானே விளம்பரம் செய்து நேர்காணல் நடத்தி எடுத்துக்கொள்கிறது. அங்கே பல பள்ளிகளில் மாணவர் குழு ஒன்றும் விண்ணப்பதாரரைச் சந்தித்துத் தன் கருத்தைச் சொல்லும். தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் மாநிலம் முழுவதற்கும் ஒரே தேர்வு வைத்து, தரவரிசைப்படி ஆளை எடுக்கிறது; பள்ளிக் கல்வித் துறை கலந்தாய்வில் இடம் ஒதுக்குகிறது. சிபாரிசையும் சாதிச் செல்வாக்கையும் உள்ளூர்ப் பணப் பேரத்தையும் தள்ளி நிறுத்த இந்த முறைதான் உதவியது என்பது என் கருத்து. ஆனால் ஒரு குறிப்பிட்ட பள்ளியில் ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு ஆள் இல்லை என்கிற அவசரம் இந்த முறைக்குத் தெரியாது.

அறிவிப்புகள் எவ்வளவு இடைவெளியில் வருகின்றன என்று பாருங்கள். பிளஸ் 1, பிளஸ் 2 வகுப்புகளுக்குக் கற்பிக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கு 2019-இல் ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்தது 2021 செப்டம்பரில் வந்து, தேர்வு 2022 பிப்ரவரியில் நடந்தது. அதற்கடுத்த அறிவிப்பு 2025 ஜூலையில்தான் வந்தது. 1,996 இடங்களுக்கு அக்டோபர் 12 அன்று தேர்வு நடந்தது. நடுவில் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர்களின் கதை இன்னும் மோசம். 2012, 2013 ஆசிரியர் தகுதித் தேர்வுகளின் (டெட்) அடிப்படையில் ஆள் எடுத்த பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகள் நேரடி நியமனமே இல்லை. தகுதித் தேர்வில் தேறியவர்களுக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு உண்டு என்று 2018-இல் அரசாணை 149 போட்டார்கள். அந்தப் போட்டித் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். ஆசிரியர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஓய்வு பெறுகிறார்கள். தேர்வு மட்டும் நினைத்தபோது வருகிறது. இந்த இடைவெளியில் விழுந்த பள்ளிகளில் உங்கள் பள்ளியும் ஒன்று.

பதவி உயர்வு வழியாகவும் இடங்கள் நிரம்ப வேண்டும். அங்கேதான் வழக்குகள் குறுக்கே நிற்கின்றன. பதவி உயர்வுக்கும் தகுதித் தேர்வு கட்டாயம் என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு இல்லை என்று சொல்லிவிட்டது. இது எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களைத் தொடும் விஷயம். இயற்பியல் முதுகலை ஆசிரியரை நேராகத் தொடாது. ஆனாலும் கீழே ஒரு படி அடைத்துக்கொண்டால் மேலே உள்ள படிகளும் மெல்லத்தான் நகரும்.

உங்கள் மாவட்டத்துக்கே உரிய பிரச்சினை ஒன்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பள்ளிகளில் புதிதாக நியமனம் பெற்று வருபவர்களில் பெரும் பங்கினர் தென் மாவட்டத்துக்காரர்கள். காலியிடம் வடக்கில் இருக்கிறது. தேர்வில் தேறுபவர் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் இருக்கிறார். வீட்டை விட்டு, குழந்தைகளை விட்டு, வாடகை அறையில் சில ஆண்டுகள் இருப்பார். பொது மாறுதல் கலந்தாய்வு வந்ததும் ஊர்ப் பக்கம் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர் விட்டுப்போன நாற்காலிக்கு அடுத்த தேர்வு அறிவிப்பு வரை ஆள் கிடைப்பதில்லை. வடக்கில் ஆசிரியராகத் தகுதி பெறும் உள்ளூர்ப் பிள்ளைகள் பெருகாத வரை இது தொடரும். இயற்பியல் ஆசிரியர் இல்லாத பள்ளியிலிருந்து இயற்பியல் ஆசிரியர் உருவாவதும் கடினம். உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் எந்தப் பணி நிரவலும் இந்தச் சுழலை உடைத்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலைக்கு வருகிறேன். "ஆசிரியர் இல்லை" என்று பொதுவாக மனு எழுதாதீர்கள். ஏன் இல்லை என்று கண்டுபிடியுங்கள். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எல்லாம் ஒரே வெறுமைதான்; அலுவலகக் கோப்பில் அது நான்கு விதமாக இருக்கும். முதலாவது, அந்தப் பணியிடமே அனுமதிக்கப்படாமல் இருக்கலாம். உயர்நிலைப் பள்ளியாக இருந்து தரம் உயர்த்தப்பட்ட பள்ளிகளில் பாடப்பிரிவு தொடங்கிவிடுவார்கள், எல்லாப் பாடத்துக்கும் பணியிடம் உடனே வந்துவிடாது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பணியாளர் நிர்ணயம் செய்யும்போது உபரி என்று காட்டி இடத்தையே வேறு பள்ளிக்கு எடுத்துச் சென்றிருக்கலாம். இரண்டாவது, இடம் இருக்கிறது, ஆள் நிரப்பப்படவில்லை. நாம் பொதுவாக நினைப்பது இதைத்தான். மூன்றாவது, ஆசிரியர் உங்கள் பள்ளியில்தான் சம்பளம் வாங்குகிறார், ஆனால் மாற்றுப்பணியில் வேறு இடத்தில் இருக்கிறார். நான்காவது, நீண்ட விடுப்பு. மகப்பேறு விடுப்பு 2021 முதல் 12 மாதம். அது அந்த ஆசிரியையின் உரிமை, அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் அவர் விடுப்பில் இருக்கும்போது பதிவேட்டில் இடம் நிரம்பியே இருப்பதால், காலிப் பணியிடப் பட்டியலில் உங்கள் பள்ளியின் பெயரே வராது.

நான்குக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு. பணியிடமே இல்லை என்றால் அது சென்னையில் இயக்குநரகமும் நிதித் துறையும் முடிவு செய்யும் காரியம். மாவட்ட அலுவலகத்தில் எத்தனை மனு கொடுத்தாலும் மேலே அனுப்பிவைப்பார்கள், அவ்வளவுதான். மாற்றுப்பணி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் நினைத்தால் ஒரே வாரத்தில் முடியும். இது தெரியாமல் ஊர்க்காரர்கள் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுக்கள், "உரிய நடவடிக்கைக்கு" என்ற குறிப்புடன் பள்ளிக்கே திரும்பி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். அவர் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்து, மேலிடத்துக்குப் பயந்து மழுப்பினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், பணிபுரிவோர், மாற்றுப்பணியில் இருப்போர் என்ற மூன்று விவரங்களைப் பாட வாரியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

இங்கேதான் உங்கள் அக்கா மகளின் பதவிக்கு உண்மையான வேலை இருக்கிறது. பள்ளியில் எந்த வகுப்பில் எந்தப் பாடவேளை வீணாகிறது என்பது முழுமையாகத் தெரிந்தவர்கள் மாணவர்கள் மட்டுமே. தலைமையாசிரியருக்குப் பாதி தெரியும். மாவட்டக் கல்வி அலுவலருக்குப் பணியிடக் கணக்கு தெரியும், பாடவேளைக் கணக்கு தெரியாது. நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளை. ஒவ்வொரு வகுப்புத் தலைவரும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பாடவேளை, பாடம், வகுப்பு நடந்ததா, நடக்காவிட்டால் யார் வந்து உட்கார்ந்தார், என்ன செய்தோம் என்று எழுதி வரட்டும். ஆசிரியர்களைப் பற்றிய விமர்சனம் ஒரு வரிகூட அதில் வேண்டாம். "இன்று சார் தாமதமாக வந்தார்" என்று எழுதினால் அடுத்த நாளே நோட்டு பறிமுதலாகும், ஆசிரியர் ஓய்வறை முழுக்க அவளுக்கு எதிராகிவிடும். ஆசிரியர் இல்லாத பாடத்தைப் பற்றி மட்டும் எழுதினால் மற்ற ஆசிரியர்களே ஆதரவாக இருப்பார்கள்; ஏனென்றால் அந்தப் பாடவேளைகளில் காவலுக்குப் போய் உட்காருவது அவர்கள்தான். முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் காட்டி அனுமதி வாங்கிச் செய்வது நல்லது.

இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டைக் கூட்டிப் பாருங்கள். "இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை" என்ற வரியை அலுவலர்கள் தினமும் வாசிக்கிறார்கள். "ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து இத்தனை இயற்பியல் பாடவேளைகள் நடக்கவில்லை, முதல் தொகுதியில் இத்தனை அலகுகள் தொடங்கவே இல்லை" என்று தேதியோடு வந்தால் பதில் எழுதியாக வேண்டியிருக்கும். அந்தக் காகிதத்தை அவள் எடுத்துக்கொண்டு அலையக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவர் கையில் கொடுத்து, கூட்டத்தில் வைத்து, தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். 2024-இல் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வெளியூரில் இருந்தாலும் உங்கள் வகுப்புத் தோழர் யாராவது உள்ளே இருப்பார், விசாரியுங்கள். அதே தீர்மானத்தின் நகலைக் கிராம சபையிலும் வைக்கலாம்.

சீருடையோடு பிள்ளைகளைச் சாலை மறியலுக்கு அழைத்துப் போகும் யோசனை உங்கள் ஊரில் யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். செய்தித்தாளில் படம் வரும். பக்கத்துப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரை வாரம் இரண்டு நாள் மாற்றுப்பணியில் அனுப்புவார்கள்; அந்தப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு நாள் இழப்பார்கள். பரபரப்பு அடங்கியதும் அவர் திரும்பிப் போவார். முன்னால் நின்ற பிள்ளையின் பெயர் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளப்படும்.

தீர்மானம் போடுவதால் உடனே கிடைக்கக்கூடியது தற்காலிக ஆசிரியர். 2022-இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு அனுமதித்தது. அப்போது மாதத் தொகுப்பூதியம் தொடக்க வகுப்புகளுக்கான இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய். விமர்சனமும் வழக்கும் வந்தன. பின்னர் அது 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. எம்.எஸ்சி., பி.எட். படித்த ஒருவருக்கு 18,000 ரூபாய் என்பது கௌரவமான சம்பளம் என்று நான் சொல்ல மாட்டேன். தனியார் பள்ளிகளில் பலருக்கு அதுகூடக் கிடைப்பதில்லை என்பது வேறு கதை. ஆனால் வாரியத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் உள்ளூர்ப் பெண்கள், இளைஞர்கள் இதற்கு வருகிறார்கள், சிலர் மிக நன்றாகவே நடத்துகிறார்கள். பாடத்தோடு தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க அவர்களுக்கும் அது உதவுகிறது.

தன் ஆசிரியர் யார் என்பதில் பள்ளிக்கே ஒரு குரல் கிடைக்கும் ஒரே இடம் இதுதான். இந்த இடத்தில் மாணவர் தலைமை உள்ளே வரலாம், வர வேண்டும். மூன்று பேர் விண்ணப்பித்தால் மூவரையும் ஆளுக்கு ஒரு பாடவேளை பிளஸ் 2 வகுப்பில் நடத்தச் சொல்லுங்கள். ஒரே தலைப்பைக் கொடுங்கள்: கிர்க்காஃப் விதிகளோ, லென்சு சமன்பாடோ. முடிந்ததும் தலைவியும் இரண்டு வகுப்புத் தலைவர்களும் குழுவிடம் போய்ச் சொல்லட்டும். அவர்களிடம் மதிப்பெண் கேட்க வேண்டாம். கேள்வி கேட்டபோது என்ன செய்தார், கரும்பலகையில் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டினாரா, பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் புரிந்ததா என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் சிரிக்க வைப்பவரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்பில் அது நடக்கலாம். பொதுத் தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும் பிளஸ் 2 பிள்ளைகள் அந்த விளையாட்டு விளையாடுவதில்லை. முடிவு குழுவினுடையது, ஊர்ப் பெரியவர் ஒருவரின் மருமகள் விண்ணப்பதாரர்களில் ஒருவராக இருக்கும்போது, பிள்ளைகளின் சாட்சியம் அந்தக் குழுவுக்கு எவ்வளவு பெரிய துணை என்பது உங்களுக்கே புரியும்.

தற்காலிக நியமனம் துறை ஒப்புக்கொண்ட காலியிடத்துக்குத்தான் கிடைக்கும். மேலே சொன்ன நான்கு வகைகளில் முதல் வகை என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம் தன் பணத்தில் ஆளை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நீங்களும் நண்பர்களும் சேர்ந்து அந்தப் பணத்தைக் கொடுக்கத் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுங்கள். ஆனால் "பணியிடம் அனுமதிக்கப்படும் வரை, இந்தக் கல்வியாண்டுக்கு மட்டும்" என்று தீர்மானத்தில் எழுதாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு அலுவலகக் கோப்பில் அந்தப் பள்ளிக்குப் பிரச்சினையே இருக்காது, உங்கள் பாக்கெட்டில் மட்டும் இருக்கும்.

இனித் தேர்தல். 2024-இல் அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற பெயரில் குழு முறை வந்திருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் மாணவத் தலைவர்கள், பொறுப்பாசிரியர்கள். வகுப்பு எல்லையைத் தாண்டிப் பிள்ளைகள் ஒன்றாக நிற்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பல பள்ளிகளில் பதவியேற்பு விழாவோடு அந்தத் தலைமை முடிந்துபோகிறது. பிறகு தலைவர் செய்வது மூன்று காரியங்கள்: காலை வழிபாட்டில் வரிசையைச் சரிசெய்வது, விருந்தினர் வந்தால் தட்டு ஏந்துவது, ஆசிரியர் இல்லாத வகுப்பில் பேசியவர் பெயரைப் பலகையில் எழுதுவது. மூன்றாவதைப் போல நாசம் வேறில்லை. ஆசிரியர் இல்லாத குறையைப் பிள்ளைகள் உணராதபடி மூடி வைக்கும் வேலையை, அந்தக் குறையால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கே கொடுக்கிறோம். உங்கள் அக்கா மகள் அதை மறுத்தால் அது ஒழுங்கீனம் ஆகாது. அந்த நேரத்தில் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, பத்தாண்டு வினாத்தாள்களிலிருந்து கணக்குப் போட வைக்கலாம்.

தேர்தல் என்றால் கிராமப் பள்ளியில் இன்னொன்றும் உள்ளே வரும். அதைப் பேசாமல் விட முடியாது. ஊரில் எந்தச் சாதி எண்ணிக்கையில் பெரியதோ, அந்தப் பிள்ளை ஜெயிக்கும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது பரவலாகப் பேசப்பட்டது. அதே அறிக்கை, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகவும் கல்வி அலுவலராகவும் வைக்கக் கூடாது என்றும், ஆசிரியர் தேர்வின்போதே சமூக நீதி குறித்த அவரது மனப்பாங்கைப் பார்க்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மாணவர்களுக்கிடையிலான சாதியையும் ஆசிரியர் நியமனத்தையும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்களாக அந்தக் குழு பார்த்தது. வெளி மாவட்டத்து ஆசிரியர் ஊரோடு ஒட்டாமல் இருப்பதை நாம் குறையாகவே பேசுகிறோம். இந்தக் கோணத்தில் பார்த்தால் அது ஒரு பாதுகாப்பு. பள்ளி அளவில் செய்யக்கூடியது எளிது: கையை உயர்த்தச் சொல்லாமல் இரகசிய வாக்கு, ஆண் ஒருவர் பெண் ஒருவர் என இணைத் தலைமை, ஆண்டு முழுவதுக்கும் ஒருவரே இல்லாமல் பருவத்துக்கு ஒருவர். முதல் மதிப்பெண் எடுப்பவரே நிற்க வேண்டும் என்ற விதியையும் தூக்கிப்போடலாம்.

கடைசியாக அவளைப் பற்றி. பதிவேட்டைத் தொடங்குவதும் மேலாண்மைக் குழுவிடம் பேசுவதும் மாதிரி வகுப்பு முடிந்து கருத்துச் சொல்வதும் அரையாண்டுத் தேர்வுக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு, பொதுத் தேர்வு என்று வரிசையாக வந்துவிடும். அப்போதும் இவள் மனுவோடு நிற்கக் கூடாது. இப்போதே பிளஸ் 1 வகுப்பிலிருந்து ஒரு துணைத் தலைவரைச் சேர்த்துக்கொண்டு, ஜனவரியில் நோட்டை அவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். தற்காலிக ஆசிரியரின் பணி கல்வியாண்டோடு முடிந்துவிடும். அடுத்த ஜூனில் அதே நாற்காலி மறுபடி காலியாகும். ஏப்ரல் மாதக் கூட்டத்திலேயே அடுத்த ஆண்டுக்கான தீர்மானத்தைப் போட்டு வைத்தால்தான் ஜூலைக்குள் ஆள் வருவார்.